எள் போடாத தட்டு

புரூக்ளின்
ஆவ் மாதம், ஆறாம் நாள்

அன்புள்ள தம்பி நஃப்தலிக்கு,

நலமாக இருக்கிறாயா? ஜப்பானில் உன் ஊர் ஃபுகுவோகாவில் மழை ஓயவில்லை என்று செய்தியில் பார்த்தேன். இங்கே வெயிலில் தார்ச்சாலை செருப்போடு ஒட்டுகிறது. போனிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இரண்டு தடவை படித்துவிட்டு அப்புறம் பதில் போடு.

என் மகள் ஷோஷனாவுக்கு அடுத்த மாதம், எலுலில் கல்யாணம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று தினமும் கேட்கிறாள். அப்பாவிடம் பேச்சை எடுத்தால் ஒரே பதில்: "அவன் கல்யாணத்துக்கு வந்தா நான் வரமாட்டேன்." அவர் சொன்ன சொல்லை அவரே நினைத்தாலும் திரும்ப வாங்கமாட்டார் என்பது உனக்குத் தெரியும். தாத்தா இல்லாமல் மணப்பந்தலுக்குக் கீழே நிற்கமாட்டேன் என்று அவளும் அழுகிறாள். இருவருக்கும் நடுவில் நான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மா இறந்தபோது, மகன் பதினோரு மாதம் தினமும் சொல்ல வேண்டிய காதிஷ் பிரார்த்தனையைச் சொல்லமாட்டேன் என்றாய். நம்பாததைச் சொல்லி அம்மாவை வழியனுப்ப முடியாது என்றாய். அது உன் நேர்மை. ஆனால் அப்பா அந்த வலிக்கிற முழங்காலை இழுத்துக்கொண்டு விடியற்காலையில் ஜெப ஆலயத்துக்குப் போய், பதினோரு மாதமும் உனக்குப் பதிலாகத் தானே சொன்னார். அதன் பிறகு உன் பெயர் அவர் வாயில் வரவில்லை.

நேற்றுவரை.

எருசலேம் கோயில் இடிந்ததற்கான ஒன்பது நாள் துக்கம் நடக்கிறது. இறைச்சி கிடையாது என்றதும் புரூக்ளின் முழுவதற்கும் சுஷி ஞாபகம் வந்துவிடும். நாம் வழக்கமாகப் போகும் சுஷி கடை வாசலில் வரிசை தெருமுனைவரை நிற்கிறது. அம்மா வருஷா வருஷம் சொல்வாளே, "கோயில் இடிஞ்ச துக்கத்தை நாம கொண்டாடுற அழகைப் பாரு, டூனாவும் அவகாடோவுமா!" என்று. வரிசையில் நிற்கும்போது அவள் குரலைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்மணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கடை பெரிதாக மாறவில்லை. சுவரில் அதே மங்கிய மீன் படம். அதற்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள், நம் உணவு விதிப்படிதான் சமைக்கிறார்கள் என்ற கோஷர் சான்றிதழ். நாம் உட்காரும் மூலை மேசைக்கு மட்டும் புது நாற்காலி போட்டிருக்கிறார்கள். பரிமாறும் ராமிரோவின் மீசை வெளுத்துவிட்டது. இப்போது அவன் நம்மைவிட நன்றாக நம் யித்திஷ் மொழி பேசுகிறான்.

அப்பா நம்மை முதன்முதலாக அங்கே கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஒன்பது. அம்மா தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "நான் கெஃபில்ட்டே மீனை ரெண்டு மணி நேரம் வேகவைக்கிறேன். இவன் அடுப்பே பத்தவைக்காம சமையல்காரன்னு சொல்லிக்கிறான்" என்றாள். நாம் எல்லோரும் குச்சியோடு போராடிக்கொண்டிருந்தோம். நீ மட்டும் வாயருகே கொண்டுபோன துண்டை நிறுத்திவிட்டுக் கேட்டாய்: "அப்பா, அரிசிக்கு ஒரு துதி, மீனுக்கு வேற துதி. ரெண்டும் ஒரே வாயா போனா எதைச் சொல்லிட்டுச் சாப்பிடறது?"

அப்பா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "என் பையன் கேக்கறதைக் கேளுங்கோ!" என்றார். அந்த வாரம் ஜெப ஆலயத்தில் அதே பேச்சுத்தான். கடைசியில் ரபியிடம் கேட்டுவந்து, அரிசிக்குத்தான் முதல் மரியாதை என்று உன்னிடம் வந்து சொன்னார், பெரிய மனிதருக்குச் சொல்வதுபோல. கடைக்குப் போன அந்த முதல் நாளில்தான் எள் தூவிய சுருளைத் தின்று உன் உதடு பூரி மாதிரி வீங்கியது.

நேற்று நான், அப்பா, ஷோஷனா, மாப்பிள்ளை அக்கிவா, நான்கு பேர் போனோம். ராமிரோ வந்து, "வழக்கம்போலத்தானே?" என்றான். அப்பா, "வழக்கம்போல. எள் வேண்டாம்" என்றார். "தாத்தா, இங்க யாருக்கும் எள் ஒத்துக்காம இல்லையே. எனக்குப் பிடிக்குமே" என்று ஷோஷனா சிணுங்கினாள். "இந்த மேசைக்கு எள் கிடையாதுடி" என்றார். அவ்வளவுதான். உனக்காகச் செய்கிறோம் என்பது அவருக்கே தெரியுமா என்று நான் எத்தனையோ வருஷமாக யோசித்திருக்கிறேன். நேற்று தெரிந்துவிட்டது.

தட்டு வந்தது. அக்கிவா ஒரு துண்டை எடுத்தான், வேதம் படிக்கிற பிள்ளை அல்லவா, "தாத்தா, இதுல ஒரு சுவாரசியமான கேள்வி இருக்கு. அரிசியா, மீனா..." என்று தொடங்கினான்.

"இதை என் பையன் ஒன்பது வயசுல கேட்டாச்சு" என்றார் அப்பா.

என் கையிலிருந்த குச்சி சோயா கிண்ணத்தில் விழுந்தது. அக்கிவாவுக்கு உன்னைப் பற்றி எல்லாம் தெரியும். பெண் பார்க்கும்போதே விசாரித்திருக்கிறார்கள். ஆனாலும் ஒன்றும் தெரியாதவன்போல, "இப்போ எங்க இருக்காரு தாத்தா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே இவனை மருமகனாக்கிக்கொள்ளலாம்.

அப்பா மெதுவாக மென்று விழுங்கினார். "ஜப்பான்ல. பச்சை மீன் திங்கற ஜனங்களோட. அவனைக் கெடுத்ததே இந்தக் கடைதான்."

ஷோஷனா சிரித்துவிட்டாள். அப்பாவின் தாடி ஓரமும் கொஞ்சம் அசைந்தது.

பிறகு பேச்சு கல்யாணத்துக்கு அடுத்த ஏழு நாள் விருந்துகளுக்குப் போனது. மூன்றாம் நாள் நம் முறை. அதை இந்தக் கடையில்தான் வைக்கிறோம். அக்கிவா கவலைப்பட்டான். "ஒவ்வொரு விருந்துக்கும் கல்யாணத்துக்கு வராத ஒரு புது முகம் வந்தாத்தானே மணமக்களுக்கான ஏழு துதியும் சொல்ல முடியும்? எங்க ஆளுங்க எல்லாரும் கல்யாணத்துக்கே வந்து நிப்பாங்க. மூணாம் நாளுக்கு ஆள் கிடைக்கறது கஷ்டம்."

அப்பா தாடியைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல், சுவரிலிருந்த மீனைப் பார்த்துக் கேட்டார்: "பெய்லா, ஜப்பான்லேர்ந்து வர எவ்வளவு நேரம்?"

"பதினாலு மணி நேரம்ப்பா."

"ரொம்ப தூரம். கல்யாணத்துக்கு வந்து சேர முடியாது" என்றார். "மூணாம் நாளுக்கு வேணா வரலாம்."

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, நஃப்தலி. பதினான்கு மணி நேரத்தில் வந்து சேர முடியாதாம். நாங்கள் மூன்று பேரும், "ஆமா, முடியவே முடியாது" என்றோம்.

ஆகவே அப்பா சொன்ன சொல் தவறாமல் இருக்க, கல்யாணத்தன்று நீ இங்கே இருக்காதே. எங்காவது ஆகாயத்தில் இரு. ஷோஷனா முதலில் முகத்தைச் சுளித்தாள், வீட்டுக்கு வருவதற்குள் சமாதானமாகிவிட்டாள். மாமா எனக்காக ஒரு விருந்துக்கே காரணமாக வருகிறார் என்று இப்போது பெருமையடித்துக்கொள்கிறாள்.

உன் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். நீ நம்பாத எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஏழு துதிகளையும் சொல்ல அங்கே பத்துப் பேர் இருப்பார்கள். புது முகமாக வருபவன் வாயைத் திறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வந்து உட்கார்ந்தால் போதும். அப்பா கேட்பதும் அவ்வளவுதான்.

ராமிரோவிடம் மூன்றாம் நாளுக்கு மேசை சொல்லிவிட்டேன். எள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவனே தலையாட்டிவிட்டான்.

நம் கடவுள் உன் வழியைக் காப்பார். நீ நம்பாவிட்டாலும் காப்பார். வந்துவிடு.

உன் அக்கா,
பெய்லா