கீழ் வரி

அன்பு மகள் சிசுருவுக்கு,

டோக்கியோவில் முதல் ஒலிம்பிக்ஸ் நடந்து, புல்லட் ரயிலும் ஓடத் தொடங்கிய வருஷம்தான் நாங்கள் ஐந்து பேர் இசைக்குழு ஆரம்பித்தோம். டிரம்ஸ் அடித்த ஹிசாவோ எப்போதும் தாளத்தில் முந்துவான். “புல்லட் ரயிலைப் பிடிக்க ஓடுறியாடா? இனிமே வராதே” என்று நான்தான் துரத்தினேன்.

எங்கள் கதையை வைத்து நீ செய்த வீடியோ கேமிலும் அந்த இடம் வந்தது. என்ன செய்வதென்று தேர்ந்தெடுக்கத் திரையில் இரண்டு வரிகள் வந்தன; படிக்கத் தெரியாத நான் மேல் வரியையே அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் அவன் போய்விட்டான். இதை எழுதித் தரும் பக்கத்து வீட்டு ஒகினோ அம்மாதான் சிரித்தார்: “தாத்தா, கீழே ‘திரும்பக் கூப்பிடு’ன்னு இருக்கே!”

அழுத்தினேன். “மெதுவா அடிக்கட்டுமாடா?” என்று கேட்டபடி வந்து உட்கார்ந்தான்.

கேமுக்காக அவனிடமும் கதை கேட்டாயாமே. அவன் போன் நம்பரை அனுப்பு. ஐந்து பேரில் என்னைத் தவிர உயிரோடிருப்பது ஹிசாவோ ஒருவன்தான்.

உன் அப்பா