நீ அனுப்பிய வெந்நீர்த் தொட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நலம்தான், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதைவிட நலமாக இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருக்கிறதே, இது அண்ணன் கை இல்லையே என்று யோசிப்பாய். இல்லைதான். இத்தனை வருடம் நான் சொல்லச் சொல்ல அவன்தான் உனக்கு எழுதினான், இது நானே எழுதுவது. நூலகத்து அம்மா நடத்தும் வகுப்புக்குப் போகத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது, இப்போது கடைப் பலகை, பேருந்தின் நெற்றி, மாத்திரை அட்டையின் பின்பக்கம் எதையும் விடுவதில்லை. கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் பெட்டி தூக்கினேன், குடைப் படம் போட்டிருந்தால் நனையக் கூடாது, கோப்பைப் படம் போட்டிருந்தால் உடையும், அவ்வளவுதான் என் படிப்பு. இப்போது படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறேன், அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது போகிறது, விரல் இழுக்கிறது, ஆனாலும் பேனாவை மூடி வைக்க மனம் வரவில்லை. அண்ணன் எழுதாததற்குக் காரணம் வேறு, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அம்மாவின் முட்டி வலிக்கு, இறங்கி உட்கார நீ அனுப்பிய வெந்நீர்த் தொட்டி வந்ததும் வயர்மேனைக் கூப்பிடலாம் என்றேன். வண்டிக்கு வயரிங் பண்றவனுக்குத் தொட்டிக்குப் பண்ணத் தெரியாதா, வெளியாளு எதுக்குப்பா என்று அண்ணன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்துவிட்டான். இருபது வருடமாக வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கிற கை அது. வண்டியில் எர்த் வயர் மண்ணுக்குப் போவதில்லையாம், வண்டியின் இரும்பு உடம்பில் முடுக்கிவிட்டால் போதுமாம். அதே பழக்கத்தில் தொட்டியின் பச்சை எர்த் வயரையும் அதன் இரும்புச் சட்டத்திலேயே முடுக்கிவிட்டான், அது மண்ணுக்குப் போகவே இல்லை. அப்புறம் அம்மா ஈரத்தரையில் நின்றுகொண்டு தொட்டியின் விளிம்பைப் பிடித்தால் போதும், வீட்டு டிரிப் சுவிட்ச் டப்பென்று விழும், மின்விசிறி, டிவி எல்லாம் நின்றுவிடும். அம்மா அந்தச் சுவிட்சுக்கு மாமியார் என்று பெயர் வைத்தாள். நான் சொகமா இருந்தா உங்கம்மாவுக்குப் பொறுக்காதே, இப்ப சுவத்துலயே வந்து உக்காந்துட்டாங்க என்று என்னைக் குத்தினாள், நானும் சிரித்தேன். நான்கு தடவை விழுந்தது. நான்காவது தடவை, விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சுடா என்று அண்ணனிடம் சொன்னாள், அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டோம். இந்தச் சுவிட்ச் சனியன் பழசாயிடுச்சும்மா என்று அண்ணன் தொட்டியின் வயரை அந்தச் சுவிட்சுக்குப் போகவிடாமல் மெயினிலிருந்தே நேராக இழுத்துவிட்டான்.

அப்படி இழுத்த பிறகு முதல் தடவையாகத் தண்ணீர் சூடாகித் தயாராக இருந்தது. நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து தொட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், பதினைந்து மொழியில் நம்முடையதும் இருந்தது, விடுவேனா. ஆறு பக்கம் கடக்க மூன்று நாள் ஆகியிருந்தது. கொஞ்சம் இருங்க, பாதுகாப்புன்னு ஒரு பக்கம் வருது என்றேன். அப்பா படிச்சு முடிக்கிறதுக்குள்ள தண்ணி ஐஸ் ஆயிடும் என்று அண்ணன் சிரித்தான். அம்மாவை இறக்குவதற்கு முன் தான் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி உள்ளே இறங்கினான், ஒன்றும் ஆகவில்லை. பாத்தியா, ஒண்ணுமில்ல, வாம்மா என்று கையை நீட்டினான். அம்மா வெறுங்காலோடு ஈரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்போது என் விரல் ஒரு வரியின்மேல் இருந்தது, சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் தொட்டியைத் தொடக் கூடாது, சுவிட்சை விலக்கிவிட்டு இணைத்தால் உயிருக்கு ஆபத்து என்று. அந்த வரியை முடித்தேனா என்பதுகூட நினைவில்லை, தொடாதே என்று கத்திக்கொண்டு ஓடி மெயினை இறக்கினேன், என் கால் அப்படி ஓடும் என்று எனக்கே தெரியாது. அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நேத்து எழுத்து கத்துக்கிட்டவரு எனக்கு வயரிங் சொல்றாரு என்று தலையைத் துவட்டிக்கொண்டே போனான். அம்மாவும் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுநாள் உரிமம் வைத்திருக்கும் வயர்மேன் ஒருவரைக் கூட்டிவந்தேன், அண்ணனும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வயர்மேன் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி மீட்டரை வைத்துப் பார்த்தார். ஹீட்டர் விரிசல் விட்டுக் கரண்ட் கசிந்து தொட்டி முழுக்க நிற்கிறதாம். தொட்டி ரப்பர் காலில் நிற்பதால் உள்ளே இருந்தவனுக்குத் தரையோடு தொடர்பில்லை, தப்பித்தான், ஈரத்தில் நிற்பவர் தொட்டால் அவர் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்குமாம். அந்தச் சுவிட்ச் நாலு தடவ இந்தம்மாவக் காப்பாத்தியிருக்கு சார், அஞ்சாவது தடவ அது அங்க இல்ல, இவரு கையப் புடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும் என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, திருகாணியைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அண்ணன் தன் கையைப் பார்த்தான். கருவிப் பையைச் சுருட்டிக்கொண்டு போனவன் பத்தொன்பது நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. பட்டறைக்குப் போனேன், வண்டிக்கு அடியில் படுத்திருந்தான், அப்புறம் பேசலாம்பா என்று குரல் மட்டும் வந்தது. சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மருமகள் சொல்கிறாள்.

தொட்டிக்கு இப்போது புது ஹீட்டர், தனி லைன், அதற்கென்று தனி டிரிப் சுவிட்ச், பச்சை வயர் மண்ணில் அடித்த கம்பிக்கே போகிறது. நிறுத்துகிற சுவிட்சைத் தொட்டிக்குள் இருப்பவருக்குக் கை எட்டாத, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற சுவரில் வயர்மேன் வைத்திருக்கிறார். எல்லாம் சரி என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதை அம்மாவிடம் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன், அசையவில்லை. பயமா என்றால் பயமில்லையாம். தாள நீங்க நம்புங்க, என் பிள்ள வந்து பாத்துச் சரின்னு சொன்னாத்தான் நான் கால வைப்பேன் என்கிறாள். தினமும் அவள் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன், யாரும் இறங்காத தொட்டியைத் துடைத்து மூடுகிறேன், எனக்கு அலுத்துவிட்டது தாயே.

நீ அவனிடம் பேசு. தப்பில்லை என்று சொல்லாதே, தப்புதான், அவனுக்கே தெரியும். சுவிட்ச் விழுந்த நான்கு தடவையும் கூடச் சிரித்தவன் நான், என்மேலும் பாதி இருக்கிறது. அம்மா சொன்னதை மட்டும் அவள் சொன்னபடியே அவன் காதில் போடு. நான் போய்ச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பான்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். உன் வீட்டு டிரிப் சுவிட்சிலும் சோதனைப் பொத்தான் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்திப் பார், விழாவிட்டால் உடனே ஆளைக் கூப்பிடு. பேத்தியை ஈரக்கையோடு எந்தச் சுவிட்ச் பக்கமும் விடாதே. அண்ணன் பட்டறையை ஆறு மணிக்கு மூடுவான். முதல் தடவை போனை எடுக்க மாட்டான், எடுக்கும்வரை அடி.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அப்பா