வெறுங்காலோடு எட்னாவில் உன் அம்மா

பலேர்மோ, மாசி மாதம்

அன்பு மகள் அமலினிக்கு, உன் சித்தப்பா எமிலியானுஸ் ஆண்டவரை முன்னிட்டு எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை, இந்தத் தரம் பாதியைத்தான் எழுத முடிகிறது, நான் சுகம், சித்தி சுகம், உன் அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், ஓரிடத்தில் இருந்து ஆறுதலாக வாசி. உன் பழைய ஃபோன் இலக்கம் வேலை செய்யவில்லை, புதியதை எங்களுக்கு நீ தரவுமில்லை, அதனால் இன்றிரவு ரொறன்ரோவுக்கு ஏறுகிற எங்கள் பங்குப் பிள்ளை றஜிதாவிடம் இதைக் கொடுத்து உன் கையிலேயே ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறேன். எட்னா எரிமலை மறுபடி சாம்பலைக் கக்கிக் கத்தானியா விமான நிலையத்தைப் பூட்டிவிட்டது, நல்ல காலம் அவள் பலேர்மோவிலிருந்து ஏறுகிறாள். நான் போய் வந்ததிலிருந்து அந்த மலைக்கு நித்திரை இல்லைப் போலிருக்கிறது.

நீ பிள்ளைத்தாச்சியாக இருக்கிற செய்தி கோயிலடியில் யாரோ சொல்லி அம்மாவின் காதுக்கு வந்தது. நீ மிதுசனைப் பதிவுத் திருமணம் செய்த நாளில் "கோயில்ல கட்டாதவள் என்ர வாசல் மிதிக்கப்படாது" என்று கத்தினவர், இந்தச் செய்தி கேட்ட நாள் ஒரு வாய் சோறு இறக்கவில்லை. உன் சுகப் பிரசவத்துக்கு நேர்த்தி வைத்தார். நேர்த்தி என்றால் இங்கே நம்முடைய ஆட்கள், சைவக்காரரும் சேர்த்து, பலேர்மோவின் காவல் புனிதை ரொசாலியா அம்மாவின் மலைக்குத்தானே வெறுங்காலோடு ஏறுவோம். அம்மாவோ "எல்லாரும் ஏறி ஏறி அவவுக்கும் அலுத்திருக்கும், நான் பேசின பேச்சுக்குப் பெரிய மலையிலதான் மன்னிப்புக் கேக்கோணும்" என்று நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் பங்குச் சனம் பனி பார்க்க எட்னாவுக்கு பஸ் பிடித்தது. சனம் என்ன, நான்தான் பிடித்தேன், சாரதியே என்னிடம்தான் வழி கேட்டுக் கேட்டு ஓடினான்.

மகள், அந்த மலையைப் படத்தில் பார்ப்பது வேறு, அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது வேறு. வெள்ளைப் பனியின் மேலே கறுத்தச் சாம்பல் விழுந்து, சோற்றில் மிளகுத்தூள் கொட்டின மாதிரிக் கிடந்தது. நான் இறங்கினதும் மலை ஒரு தரம் செருமியது, பஸ்ஸளவு கல் ஒன்று வானத்துக்கு எழும்பினதை என் கண்ணால் கண்டேன், மற்றவர்கள் பாணும் சம்பலும் பிரிப்பதில் இருந்தபடியால் அதைத் தவறவிட்டார்கள். வழிகாட்ட வந்த பெண் சொன்னாள், முந்தி பனி கனமாகக் கிடக்குமாம், இப்போது குறைவாம், மெல்லிய சாம்பல் படிந்தால் வெயில் அதைப் பிடித்துக்கொண்டு பனியைக் கெதியாகத் தின்றுவிடுமாம். உருகின தண்ணீரும் உடனே ஆறாக ஓடுவதில்லை, எரிமலைக் கல்லின் துவாரங்களுக்குள் இறங்கி, இருட்டுக்குள்ளேயே நடந்து, வெகு காலம் கழித்து அடிவாரத்தில் ஊற்றாகக் கிளம்பி சிமெத்தோ ஆற்றில் சேருமாம், அங்குள்ள தோடம்பழத் தோட்டங்களுக்கெல்லாம் அந்தத் தண்ணீர்தானாம். நான் அதைக் கொஞ்சம் கூட்டியே தமிழில் விளங்கப்படுத்தினேன், கைதட்டினார்கள். அம்மா மட்டும் "அப்ப உள்ளுக்கை போனது எப்பவோ ஒருநாள் வெளியில வருந்தானே, என்ன தம்பி?" என்று கேட்டார். உன்னை நினைத்துத்தான் கேட்கிறார் என்று எனக்கு அப்போது ஓடவில்லை.

வழியோரம் கற்குகை மாதிரிக் கட்டி மாதா சுரூபம் வைத்த சின்னக் கெபி ஒன்று. அம்மா சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டுப் பனியில் இறங்கினார். கெபியைச் சுற்றிச் சுற்றி ஒரு முழுச் செபமாலையும் சொல்லி முடித்தார். நாங்கள் பதறிக் கூப்பிட, "குளிரேல்லையடா, பஞ்சில வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். "புதுமை!" என்று முதலாவதாகக் கத்தினது நான்தான். பெண்கள் அழுதார்கள், கனகேஸ்வரி அக்கா சைவக்காரி, அவரும் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார், பலேர்மோ வந்து சேரும்வரை பஸ்ஸுக்குள் பாட்டும் செபமும்தான். கண்ணாடி மாதிரிக் கூரான மலைக்கல் உள்ளங்காலைக் கிழித்திருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை, அவருக்கும் நோகவில்லை. சீனி வருத்தத்தில், அதுதான் நீரிழிவில், பாதத்து நரம்புகள் எப்போதோ செத்துவிட்டன என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் புதுமை எங்களுக்கு விளங்கியது.

கால்விரல்கள் கறுத்ததை மறைத்துச் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டு, தன் இத்தாலிய எசமானி சிஞ்ஞோரா வீட்டு வேலைக்கும் போய்வந்திருக்கிறார். புண்ணிலிருந்து மணம் எழும்பிய பிறகு அந்தச் சிஞ்ஞோராதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இடது பாதத்தை எடுக்க வேண்டும், விட்டால் நஞ்சு மேலே ஏறி உயிர் போய்விடும் என்றார்கள். அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "ஒரு காலோட பேரப்பிள்ளையை எப்பிடித் தூக்கிக்கொண்டு நடக்கிறது? அமலினி சொல்லட்டும், அவள் வெட்டச் சொன்னால் வெட்டுங்கோ" என்று ஒரே பிடி. உன்னை எங்கே போய்ப் பிடிப்பேன்? காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. நான் விறாந்தைக்குப் போய் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு உள்ளே வந்து நீ கதைத்தாய் என்று சொன்னேன். அழுதாய் என்று சொன்னேன். "வெட்டட்டும் அம்மா, நான் பிள்ளையைக் கொண்டு வாறன்" என்று நீ சொன்னதாகச் சொன்னேன். வாய் நிற்கவில்லை, மிதுசனும் சுகம் விசாரித்ததாகச் சேர்த்துவிட்டேன். அம்மா அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார், "மாமி எண்டு சொன்னவரோ?" ஓம் என்றேன். பேனையை வாங்கிக் கையெழுத்தை வைத்தார். நாளைக்கு ஒப்பரேசன்.

இவ்வளவு காலமும் நான் கூட்டிச் சொன்னதை ஒருவரும் நம்பினது கிடையாது மகள், சித்திகூட நம்பமாட்டாள், இதை மட்டும் அம்மா ஒரு சொல் விடாமல் நம்பிவிட்டார். உன்னை வரச் சொல்லவில்லை, இந்த வயிற்றோடு விமானம் ஏறவேண்டாம். ஃபோன் எடுத்துக் கதை. "நான் அண்டைக்குக் கதைக்கவேயில்லையே" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே. மிதுசனிடமும் எல்லாவற்றையும் சொல், ஒரு தரம் மாமி என்று கூப்பிட்டால் போதும். நீயும் உன் சீனியைச் சோதித்துப் பார், இது உன் அம்மா வழியில் ஓடுகிற வருத்தம், குளிரில் காலுறை இல்லாமல் திரியாதே, கால் விறைத்தால் உடனே டாக்டரிடம் சொல்.

மாதா உன்னையும் மிதுசனையும் வயிற்றுப் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. அம்மாவின் இலக்கத்தைப் பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். மயக்கம் தெளிந்ததும் அவர் காலைப் பார்க்கமாட்டார், ஃபோனைத்தான் தேடுவார்.

இப்படிக்கு,
உன் அப்பா இருந்த இடத்தில் இருக்கிற சித்தப்பா,
எமிலியானுஸ்