மாசிலாமணி அண்ணனின் நீண்ட ஸ்வரம்

1957 ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். வார்டில் இரண்டு புது அட்மிஷன். மேட்ரன் ஒருவழியாக லீவு கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். வெள்ளிக்கிழமை மெட்ராஸில் ரிக்கார்டிங்.

இதுவரை கம்பெனிக்காரர்கள் என் அக்கார்டியனில் கேட்டதெல்லாம் வால்ட்ஸ் என்ற வெள்ளைக்கார நடன மெட்டு, இல்லாவிட்டால் கீர்த்தனை மெட்டு. இந்த வாத்தியத்துக்கென்றே நம் ஆள் எழுதியது ஒன்றுகூட இல்லை. ஆம்பூர் மாசிலாமணி அண்ணனிடம் நான்தான் கேட்டு எழுதவைத்தேன். அவர் தோல் டேனரியில் கிளார்க், சர்ச் கொயருக்குத் தலைவர். அவர் எழுதியதில் நடுவில் ஒரு நீண்ட ஸ்வரம். துருத்தியை மெள்ள, நிறுத்தாமல், கடைசி வரை இழுக்க வேண்டும். அதுதான் அதற்கு உயிர்.

என் துருத்தியோ மூலைத் தோல் கிழிந்து காற்றுப் போகிறது. நாளைக்கு அண்ணனிடமே கொண்டுபோகிறேன்.

ஆகஸ்ட் 7, புதன்

சாயங்காலம் பஸ்ஸில் ஆம்பூர். வாத்தியம் மடியில். கண்டக்டருக்குக் கோபம்.

அண்ணன் மெல்லிய ஆட்டுத்தோல் வாங்கி வைத்திருந்தார். வஜ்ஜிரப் பசை காய்ச்சி அவரே ஒட்டினார். காற்றுப் போவது நின்றது. ஆனால் இழுக்கும்போதெல்லாம் புதுச் செருப்பு மாதிரி கிறீச். மைக் முன்னால் இதுதான் கேட்கும் என்று புலம்பினேன்.

"தோல் சத்தம் போட்டா எண்ணெ வுடணும்மா. இதுகூட தெரியாமயா ஆம்பூர்ல இருக்கோம்?" என்று சிரித்துக்கொண்டே புங்க எண்ணெய் தடவினார்.

சத்தம் நின்றது. வெள்ளிக்கிழமை டேனரியில் லோடு ஏற்றும் நாள், அண்ணன் மெட்ராஸ் வர முடியாது. அண்ணி வைத்த மீன் குழம்பு. உப்பு ஜாஸ்தி. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி. மெட்ராஸ்

ஸ்டூடியோவில் ஃபேன் போடக்கூடாதாம், சத்தம் வருமாம். ஒரே வேர்வை.

நீண்ட ஸ்வரத்தில் பாதியிலேயே காற்று இல்லை. பார்த்தால் எண்ணெய் ஊறி, வஜ்ஜிரம் விட்டு, தோல் நாக்கு மாதிரி தொங்குகிறது. அண்ணன் ஆசையாகத் தடவிய எண்ணெய். தலையாட்டிக்கொண்டு நின்ற எனக்கும் புத்தி இல்லை. கைப்பையில் இருந்த பிளாஸ்திரியை ஒட்டினேன். மறுபடி இழுத்தேன். மறுபடி பாதியில் நின்றது.

ரிக்கார்டிங் ஆள் பொறுமையான மனிதர்தான். "நேரம் போவுது சிஸ்டர். பழைய வால்ட்ஸே வாசிச்சிடுங்க. அதுக்கு இவ்ளோ காத்து வேணாமில்ல?"

வாசித்தேன். ஒரே தடவையில் ஓகே. வெட்கமாக இருந்தது. புதியதற்கு இன்னொரு நாள் கிடைக்குமா என்றேன். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாம் எனக்குத் தெரியும், மேட்ரனும் அப்படித்தான் சொல்வார்.

ஆகஸ்ட் 10, சனி

தூறல். ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டிய காட்பாடியில் இறங்காமல் நேராக ஆம்பூர். ரயிலில் வழியெல்லாம் ஒத்திகை. எண்ணெய் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. சொன்னால் அவர் தூங்க மாட்டார். சொல்லாவிட்டால் நான்.

"இன்னாம்மா, எப்டி வந்துச்சு?" வாசலிலேயே கேட்டார்.

கம்பெனி தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டது என்றேன். முகம் வாடிவிடும் என்று பயந்தேன். வாடவில்லை.

"நல்லதாப் போச்சு. இன்னொண்ணும் எழுதிட்டேன். ரெண்டையும் சேத்தே வாசிச்சிடு."

தாளைக் கையில் கொடுத்தார். இதில் நீண்ட ஸ்வரம் மூன்று இடத்தில்.