கூரைக்கடியில் உங்கள் பெயர்

அக்கா,

மழை பெய்தால் இப்போது உங்கள் வீட்டு அடுப்படியில் ஈர பிளாஸ்டிக் வாசம் வருகிறது. உங்களை எடுத்த அன்று நம் லயத்து வரிசை வீடுகளின் முகப்பில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரை, ஒழுகும் தகரத்துக்கு அடியில் உங்கள் அம்மா கட்டிவைத்திருக்கிறார். எழுத்துப் பக்கம் கீழே தெரியும்படி.

அந்தப் பேனரைச் செய்தது நான்.

நம் தேயிலைத் தோட்டத்தில் யார் இறந்தாலும் பேனர் செய்வது உங்கள் வேலை. ஹட்டன் டவுனில் கடை வேலை முடிந்து வந்த களைப்போடு உங்கள் பழைய கணினியில் தட்டுவீர்கள்.

"இந்த எழுத்துருவ இப்ப யாருக்கா பாவிக்கிறாங்க? நீங்க படிச்சதெல்லாம் பழசாயிருச்சு" என்றேன் ஒருநாள்.

"வந்துட்டாங்கய்யா எஞ்சினியரம்மா!" என்று சிரித்தீர்கள். "பழசோ புதுசோ, அச்சுக்கு அனுப்ப முந்தி எழுத்தப் படமா மாத்திரணும்டி. இல்லாட்டி அவங்க மெஷின்ல ஒடைஞ்சிரும்."

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன அன்று அந்த வேலைக்கு ஆளில்லை. "எங்கிட்ட போன் இருக்கு, புது செயலி இருக்கு" என்று நானே முன்னால் போனேன். படமாக மாற்றாமல் அனுப்பினேன். அச்சுக் கடைக்காரர் சிங்களவர், தமிழ் வாசிக்கத் தெரியாதவர். இயந்திரம் காட்டியதை அப்படியே அச்சடித்துவிட்டார். விரித்துக் கட்டியபோதுதான் பார்த்தேன். உங்கள் சிரித்த முகத்தின் கீழே கொம்புகள் ஒரு பக்கம், எழுத்துகள் ஒரு பக்கம், நடுநடுவே வெற்று வட்டங்கள். மாற்றி அடிக்க நேரமில்லை.

"நல்லவேள, அந்தப் புள்ள இருந்து இதப் பாக்கல" என்று கூட்டத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

நான் பெருமையடித்த செயலி இப்போது என் போனில் வேலை செய்வதில்லை. புதிதாக வேறொன்று வந்துவிட்டது. என் பிழை மட்டும் புகையிலும் ஈரத்திலும் நிறம் மங்காமல் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி இப்போது எல்லாவற்றையும் படமாக மாற்றித்தான் அனுப்புகிறேன். உங்களுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை.

நேற்று மழை பெய்தபோது உங்கள் அம்மா தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு மேலே பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

"ஆயி, நீ படிச்ச புள்ள. எம்மக பேர ஒருக்கா வாசிச்சுக் காட்டு."

அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டே, அங்கே இல்லாத உங்கள் பெயரை வாசித்தேன்.

"அழகா செஞ்சிருக்க" என்று என் தலையைத் தடவினார்.

அந்தக் கையின் சூடு இன்னும் என் தலையில் இருக்கிறது, அக்கா. அடுத்த மழைக்கும் வாசிக்கச் சொல்வார்.