சாரி சொல்லும் ஊர்

அன்புள்ள அம்மாவுக்கு, துபாயிலிருந்து புகழ்வேந்தன் வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, சுகர் மாத்திரையை விட்டுவிடாதே.

நேற்று குடோனில் ஒரு கூத்து. என் கால் சூப்பர்வைசர் மேல் பட்டுவிட்டது. நம்மூர்ப் பழக்கத்தில் சட்டென்று அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மனுஷன் மிரண்டு விலகிவிட்டார்.

"இன்னாடா பண்ற? சாரி சொன்னா போதும்டா" என்று கூட வேலை பார்க்கும் பாகூர் பாக்யராஜ் விழுந்து விழுந்து சிரித்தான்.

இங்கே இடித்தாலும் சாரி, சொன்னது காதில் விழாவிட்டாலும் சாரி. அந்தச் சொல்லே வலியைக் குறிக்கும் பழைய இங்கிலீஷ் சொல்லிலிருந்து வந்ததாம், பாக்யராஜ் போனில் பார்த்துச் சொன்னான். அப்பா இறந்ததைச் சொன்னபோது சூப்பர்வைசர் அதைத்தான் சொன்னார். கருமாதிக்கு லீவு கேட்டேன். அதற்கும் சாரிதான்.

தம்பி எல்லாம் செய்வான். பாக்யராஜ் லீவில் வருகிறான், கடிதத்தை அவன்தான் தருவான். அவன் திரும்பும்போது அப்பாவின் துண்டைக் கொடுத்தனுப்பு. ரூமில் ஏசி குளிர் தாங்கவில்லை.

வேன் ஹாரன் அடிக்கிறது. கருமாதி அன்று என் பேரைச் சொல்லி அப்பா படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள். இங்கே நான் தொடுவதற்கு ஒன்றுமில்லை அம்மா.

உன் மகன்,
புகழ்