ஜெட் வேண்டாம் என்றவளுக்கு

இன்று சாயங்காலம் நம் விமானத்தின் சத்தம் வரவில்லை. செம்பூர் வீட்டு பால்கனியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். ஜெட்டுகள் சீறிக்கொண்டு போய்விடும். நம்முடையது மட்டும் இரண்டு காற்றாடிகளும் முனகிக்கொண்டே தலைக்கு மேலே போகும். இன்று அது இல்லை. சின்னக் கம்பெனி பைலட்டுகள் வேலையை நிறுத்திவிட்டார்கள். நீ இருந்திருந்தால் முதல் ஆளாகக் கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்திருப்பாய். நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் கையில் துணியோடு உன்னிடம்தான் பேசிக்கொண்டு நின்றேன்.

முதலாளி ஒருவர், கம்பெனி இரண்டு. பெரிய கம்பெனிக்காரர்களுக்கு ஜெட், நமக்குச் சின்ன ஊர்களுக்குப் போகும் காற்றாடி விமானம். நம் ஆட்கள் பெரிய கம்பெனிக்குப் போனால் இங்கே பறந்த வருஷங்கள் எல்லாம் காற்றோடு போச்சு. கேப்டனாக இருந்தவர்கூட நேற்று வந்த பையன்களுக்குப் பின்னால் துணை பைலட்டாக உட்கார வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்ததே அவர்களுடைய சங்கம்தான். போதாக்குறைக்கு நம்மைப் பார்த்தால் ‘பங்காவாலி’, விசிறிக்காரி, என்பார்கள். ஒருநாள் விமான நிலைய பஸ்ஸில் ஒரு ஜெட் கேப்டன் அப்படிச் சொல்லிச் சிரித்தபோது, நீ திரும்பி நின்று ஹிந்தியில் கேட்டாய்: “ஏன் சார், பங்கா இல்லாம பம்பாய்ல நீங்க ஒரு ராத்திரி தூங்கிடுவீங்களா?” பஸ்ஸே சிரித்தது. தாராவிப் பெண்ணின் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியுமா?

அப்புறம் அவர்களுக்கே ஒரு காலம் வந்தது. ஓய்வு நேரத்தைக் குறைத்தார்கள் என்று ஜெட் பைலட்டுகள் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். மறுநாளே அவர்கள் இடத்தில் ஜெட் ஓட்ட நிர்வாகம் உன்னைக் கூப்பிட்டது. நாம் இருவருமே வேலை கிடைப்பதற்கு முன்பே ஜெட் பயிற்சி முடித்தவர்கள், அதனால். உனக்கு ஜெட்டில் கேப்டன் நாற்காலி. உன் பக்கத்தில் துணை பைலட்டாக இருந்த எனக்கு ஜெட்டில் இடம். மற்றவர்களையும் நீதான் பேசி அழைத்து வர வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு “முடியாது சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாய்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! மாட்டுங்கா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உன்னை நிறுத்தி வைத்துக் கத்தினேன்.

“பைத்தியமாடி நீ? அவா நம்மளை மனுஷாளாவே மதிக்கலை. அவாளுக்காக நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?”

வண்டிகள் வந்து வந்து போயின. நீ ஏறவும் இல்லை, என்னை ஏற விடவும் இல்லை.

“ஏட்டி, அவுக நம்மள மட்டமாப் பேசுதாக, நெசந்தான். அதுக்காவ அவுக சோத்துல கைய வச்சிர முடியுமா? நாளைக்கு நாம நிறுத்துவோம்லா, அன்னைக்கு நம்ம சீட்டுல எவளையாவது கொண்டாந்து உக்கார வச்சா என்ன செய்வ? வயிறு எரியுமா எரியாதா?”

“ஜெட்டுடி!” என்றேன் அழாக்குறையாக. சின்ன வயதிலிருந்து எனக்கு இருந்த ஒரே ஆசை அது.

“எனக்கு மட்டும் ஆசை இல்லையாக்கும்?” என்றாய். அப்போதுதான் உன் கண்ணைப் பார்த்தேன். அடுத்து வந்த வண்டியில் இருவரும் ஏறினோம். நம் கம்பெனியிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை.

அவர்கள் ஜெயித்தார்கள். அவர்களுடைய சங்கத் தலைவர் மிட்டாய் டப்பாவோடு தாராவி லேபர் கேம்ப்பில் உன் வீட்டைத் தேடி வந்தார். வேறு யார்? பஸ்ஸில் சிரித்த அதே மனிதர். உன் அம்மா போட்ட பாயில் கால் மடக்கி உட்காரத் தெரியாமல் தவித்தார். நன்றி சொல்ல வாயெடுத்தவரிடம், “நன்றியெல்லாம் இருக்கட்டும் சார். எங்க வருஷத்த எண்ணுங்க” என்றாய். அந்த வாசலில் நின்ற எனக்கு அன்று இருந்த பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

எண்ணினார்கள், உடனே இல்லை. இழுத்தடித்து, அடுத்த ஒப்பந்தத்தில், அதுவும் பாதி வருஷங்களை. அதற்குள் உன் உடம்பு படுத்த ஆரம்பித்து, மருத்துவப் பரிசோதனையில் நீ பறக்கக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். கடைசியாக நீ ஓட்டியதும் காற்றாடி விமானம்தான். மழையும் குறுக்குக் காற்றும் அடித்த அந்தச் சின்ன ஊர் ஓடுதளத்தில், பூப்போல இறக்கினாய். இந்தப் பாதி வருஷக் கணக்கில்தான், காற்றாடியில் கேப்டனாகிவிட்டிருந்த நான் இப்போது ஜெட்டில் இருக்கிறேன், துணை பைலட்டாக. என்னைப் போலப் பலர் வந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இது யாரால் வந்தது என்றே தெரியாது. நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாய் ஓயாமல்.

துணியை மடித்து வைத்தபோது போன் வந்தது. நிர்வாகத்திலிருந்து ஒரு பெரியவர், ரொம்பப் பிரியமாகப் பேசினார். சின்ன விமானம் உங்களுக்குக் கை பழகியதுதானே, வேலைநிறுத்தம் முடிகிறவரை கேப்டனாக ஓட்டிக் கொடுங்கள், திரும்பி வரும்போது ஜெட்டிலும் கேப்டன் நாற்காலி தயாராக இருக்கும் என்றார். எத்தனை வருஷமாக அதற்குக் காத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

“இல்லை சார், மாட்டேன்” என்றேன்.

“அவசரப்படாதீங்க. ராத்திரி யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சாச்சு சார். ரெண்டு பேரா நின்னு யோசிச்சு முடிச்ச விஷயம் இது.”

“இன்னொருத்தர் யாரு?” அவர் குரல் மாறிவிட்டது, பெயரைக் குறித்துக்கொள்ளப் பேனா எடுத்திருப்பார்.

“எங்க கேப்டன்” என்றேன்.